"1 அங்குலம், காய்ந்த தேக்கு" என்று பற்றுச்சீட்டு தந்தால் நம்பிவிடாதீர்கள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் தை மாதம் தேக்குப் பலகைத் தளம் போட்டார்கள். ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடித்ததும் பலகைக்குப் பலகை 2 மில்லிமீற்றர் நீக்கல் விட்டுவிட்டது. "கடற்கரைக் காற்றுக்கு அப்படித்தான்" என்று மரக்காலை கைவிரித்துவிட்டது. காற்றில் குற்றமில்லை. பற்றுச்சீட்டில் எழுதியிருந்த கனமும் பொய், காய்ந்தது என்பதும் பொய்.

வாங்கும்போது ஈரமானியைப் பலகையின் முகத்தில் குத்தி 13 சதவீதம் என்று காட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் வெயிலில் போட்ட பலகை மேலே அப்படித்தான் காட்டும். ஊசி சில மில்லிமீற்றர்தான் இறங்கும். நடுவில் உள்ள ஈரம் அதற்கு எட்டாது. மிஞ்சித் தரப்பாளின் கீழ் கிடந்த பலகையில் முனையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு துண்டு அறுத்து நிறுத்தால் 54 கிராம். 103 பாகை செல்சியஸில் சூட்டடுப்பில் (oven) வைத்து, நிறை இனிக் குறையாது என்றானபின் 45 கிராம். போன தண்ணீர் 9 கிராம். 45இல் அது 20 சதவீதம். முனையிலேயே அறுத்துப் பார்க்காதீர்கள், முனை எப்போதும் முந்திக் காய்ந்துவிடும். நமது ஊருக்கு 12 முதல் 14 வரை இருந்தால் சரி. 5 அங்குலத் தேக்குப் பலகை 20இலிருந்து 13க்கு இறங்கினால் அகலத்தில் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் சுருங்கும். போடும்போது ஈரம் இன்னும் கூடவே இருந்திருக்கும்.

கனத்திலும் அதே கதை. உண்மையான 1 அங்குலப் பலகை இருபக்கமும் சீவியபின் 19, 20 மில்லிமீற்றர் நிற்கும். இங்கே அளந்தால் 16. பச்சையாகவே மெல்லிசாக அறுத்ததால், சுருங்கியும் சீவியும் போனபின் மிஞ்சியது அவ்வளவுதான். 20 மில்லிமீற்றர் பலகையில் நாக்குக்கு, அதாவது அடுத்த பலகையின் காடியில் (பள்ளத்தில்) செருகும் விளிம்புக்கு, மேலே 6 மில்லிமீற்றர் மரம் இருக்கும். இதில் 4கூட இல்லை. இரண்டு முறை மணற்தாளால் தேய்த்தால் காடியின் விளிம்பு பிளந்து எழும்பும். கீழே சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாக அடித்திருப்பதால் நடக்கும்போதே பலகை தாழ்கிறது. 20 மில்லிமீற்றருக்கே 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் வேண்டும்.

சாயத்துக்கும் கொஞ்சம் கவனம் தேவை. பலகையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், பட்டையோரத்து வெள்ளை மரத்தை மேலே மட்டும் நிறம் பூசி வைரம் (நடு மரம்) என்று விற்கிறார்கள். அதில் வண்டு விழும்.

முற்பணம் கொடுக்குமுன், சீவியபின் கனம் இத்தனை மில்லிமீற்றர், நடுவில் அறுத்துப் பார்த்த ஈரம் இத்தனை சதவீதம் என்று பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். எழுத மறுத்தால் வேறு மரக்காலைக்குப் போங்கள். நீங்கள் கேட்ட பலகையிலேயே, உங்கள் கண் முன்னே அறுக்க வேண்டும்.

ஏற்கனவே நீக்கல் விட்ட தளத்தில் கச்சான் காலத்தில் புட்டி அடைக்காதீர்கள். மாரியில் பலகை ஊதும்போது புட்டியை வெளியே தள்ளும். சுவரோரம் 12 மில்லிமீற்றர் இடம் விடாமல் போட்டிருந்தால் தளமே மேலே கிளம்பும்.