தனியார் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கான பாலிசிகள்: எதில் பணம் போடலாம்?

ஜூன் பிறந்ததும் தாளாளர் மேசைக்கு முதலில் வந்து சேர்வது மாணவர் குழு விபத்துக் காப்பீட்டுப் படிவம்தான். தமிழ்நாட்டு நர்சரி, பிரைமரி பள்ளிகளில் அதிகம் விற்பதும் இதுவே. பிரீமியம் குறைவு, பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். பிள்ளைக்கு விபத்தில் உயிரோ உறுப்போ போனால் ஒரு நிலையான தொகை குடும்பத்துக்குப் போகும். ஆனால் பள்ளியின் கவனக்குறைவு என்று பெற்றோர் வழக்குப் போட்டு, நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னால், இதிலிருந்து பள்ளிக்கு ஒரு காசு வராது. இதைப் போட்டதும் பள்ளிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கும் நிர்வாகங்கள் நிறைய.

வாங்குவதாக இருந்தால் மூன்றைப் பாருங்கள். 24 மணி நேரமா, பள்ளி நேரம் மட்டுமா? மருத்துவச் செலவு உண்டா, அட்மிட் ஆகாமல் போடும் கட்டுக்கும் தையலுக்கும் கிடைக்குமா? மூன்றாவது, பெயர்ப் பட்டியல். ஆகஸ்டில் டி.சி. வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த பிள்ளையின் பெயரை என்டார்ஸ்மென்ட் (பாலிசியில் பின்னால் சேர்க்கும் திருத்தம்) போட்டுச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். க்ளெய்ம் வந்து எமிஸ் (அரசின் இணைய மாணவர் பதிவேடு) பட்டியலோடு ஒப்பிடும்போதுதான் அது தெரியும்.

உண்மையில் முதலில் வாங்க வேண்டியது பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, அதாவது பள்ளியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்குப் பள்ளி கொடுக்க வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் பாலிசி; அதிலும் தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கானது. ஏஜென்ட்கள் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. கமிஷன் சிறிது, விளக்கம் பெரிது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அப்படி ஒன்று நடந்து பள்ளி மீது சிவில் பொறுப்பு விழும்போது கைகொடுக்க வேண்டியது இந்தப் பாலிசி. எழுதும்போது, மாணவர்களும் 'மூன்றாம் நபர்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேன்டீன் உணவு, நீச்சல் குளம், விளையாட்டு வசதி ஆகியவை பெரும்பாலும் தனித்தனி நீட்டிப்புகள், கேட்டால்தான் சேரும். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என இரண்டு வரம்புகள் இருக்கும். ஒரே விபத்தில் பல பிள்ளைகள் அடிபட்டால் எது முதலில் தீரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தொகையை முடிவு செய்யுங்கள். பாலியல் துன்புறுத்தல் பொதுவாக விலக்கில்தான் இருக்கும்.

இதிலேயே இன்னொரு சிக்கல். இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் விபத்து எப்போது நடந்தது என்பதோடு, இழப்பீடு எப்போது கேட்கப்பட்டது என்பதையும் பார்ப்பவை. மூன்றாம் வகுப்பில் அடிபட்ட பிள்ளை 18 வயது நிறைந்த பிறகும் வழக்குப் போட காலவரையறைச் சட்டம் இடம் தருகிறது. அதனால் நடுவில் ஓராண்டு புதுப்பிக்காமல் விட்டாலோ, நிறுவனம் மாறும்போது பழைய 'ரெட்ரோஆக்டிவ்' தேதியை (எந்தத் தேதிக்குப் பிறகு நடந்த விபத்துகள் சேரும் என்பதை) புதிய பாலிசியில் ஏற்றாமல் விட்டாலோ, அந்தப் பழைய விபத்துக்குப் பணம் வராமல் போகலாம்.

அடுத்து பேருந்து. தேர்ட் பார்ட்டி காப்பீடு (வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) கட்டாயம் என்பதால் எல்லோரிடமும் இருக்கும். தப்பாக இருக்கும் என்பதுதான் பிரச்சினை. மத்திய அரசின் 2022 பிரீமியம் அறிவிக்கையில் கல்வி நிறுவனப் பேருந்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு: அடிப்படை ₹12,192, பயணி ஒருவருக்கு ₹745. மற்றப் பேருந்துக்கு ₹14,343, ₹877. 40 இருக்கை வண்டியில் வித்தியாசம் ₹7,400க்கு மேல். ஆனால் சட்டப்படி 'கல்வி நிறுவனப் பேருந்து' என்றால் ஆர்.சி. நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், மாணவரையும் ஊழியரையும் ஏற்ற மட்டுமே ஓட வேண்டும். தாளாளரின் மச்சான் பெயரில் இருக்கும் ஒப்பந்த வேனுக்கு இந்த விலை பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்குப் பேருந்தை வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால், பர்மிட் மீறல் என்று நிறுவனம் வாதாடும். பர்மிட்டே இல்லாமல் ஓடிய வண்டி விஷயத்தில், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி: எல்.எம்.வி. (இலகு வாகன) உரிமத்தோடு மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வேனை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் தீர்ப்பு உறுதி செய்தது. பெரிய பேருந்துக்கு அது செல்லாது.

கட்டடத்துக்கு, மொத்த மதிப்பு ₹5 கோடிக்குள் என்றால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதற்கு மேல் ₹50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. 2021 ஏப்ரலில் வந்த இந்த இரண்டும் நல்ல பாலிசிகள்; தீ, புயல், வெள்ளம், கலவரம் எல்லாம் உள்ளடக்கம், எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் வாசகம் ஒன்றே. இழப்பைத் தருவது பெரும்பாலும் குறைத்து எழுதிய தொகை. 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் மன்னிப்பு உண்டு. ₹3 கோடி கட்டடத்தை ₹2 கோடிக்கு எழுதியிருந்தால் ₹15 லட்சம் சேதத்துக்கு ₹10 லட்சம்தான் வரும். நில விலையைக் கழித்து, இன்று திரும்பக் கட்ட ஆகும் செலவை எழுதுங்கள். சுற்றுச்சுவர், சோலார் தகடு, ஷீட் போட்ட சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் பெயர் சொல்லி ஏற வேண்டும். கட்டட உறுதிச் சான்று, படிவம் டி உரிமம் (பொதுக் கட்டட உரிமம்), தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் நடப்பில் இருக்கட்டும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார். பழைய சுவர் தானாகச் சரிந்தால் இதில் பணம் கிடையாது.

ஊழியருக்கு இ.எஸ்.ஐ. என்ற அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டம் இருந்தால் (மாதச் சம்பளம் ₹21,000 வரை) அவர்களுக்கே மறுபடியும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி போடுவது வீண் செலவு. பர்க்ளரி பாலிசி பூட்டை உடைத்து நுழைந்த திருட்டுக்கு மட்டும். வசூலான கட்டணத்தை அலுவலக ஊழியரே சுருட்டினால் ஃபிடிலிட்டி கேரன்டி தனியாக வேண்டும். அதிலும் ரசீதுப் புத்தகத்தையும் வங்கிச் சலானையும் மாதாமாதம் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட பதிவு இல்லையென்றால் க்ளெய்ம் நிற்காது.