ஒமாஹா மேசைக்கு எவ்வளவு பை-இன்? காரைக்குடிக் கணக்கில் ஓர் ஒப்பீடு

போக்கரில் ஆளுக்கு நாலு சீட்டு கொடுத்து ஆடும் ஒமாஹாதான் என்று முடிவானதும், பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் தொகை) எவ்வளவு என்பதில் யாரும் சண்டை போடுவதில்லை. பத்து–இருபது, அதாவது சின்ன பிளைண்ட் 10, பிக் பிளைண்ட் 20 ரூபாய் என்றால் சரி என்பார்கள். உட்காரும்போது பை-இன்னாகக் குறைந்தது எவ்வளவு வைக்க வேண்டும், அதிகம் போனால் எவ்வளவு வைக்கலாம் என்பதில்தான் இழுபறி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அது இன்னும் கொஞ்சம் கூடுதல். இங்கே மேசை கூடுவதே ஒரு கல்யாணத்துக்கோ மணிவிழாச் சாந்திக்கோ எல்லாரும் ஊர் திரும்பும்போதுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த பங்காளி, சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி, செக்காலை ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணன் என்று மூன்று விதமான ஆட்கள் ஒரே பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்காருவார்கள். மூன்று பேருடைய பர்ஸும் ஒரே கனம் கிடையாது. போதாததற்கு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகு, செல்போனிலேயே ஆடிப் பழகியவர்களும் 'பை-இன் என்றால் 100 பிளைண்ட்' என்ற பழக்கத்தோடு இங்கே வந்து சேர்கிறார்கள்.

வரம்பைப் பேசுவதற்கு முன் ஒரு விஷயம். வீட்டுக்காரர் பாட், அதாவது மேசை நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது, டீச் செலவுக்கு என்றாலும். அவருக்கு லாபம் வருகிற மாதிரி சீட்டு நடந்தால் தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் அந்த வீடே சூதாட்ட விடுதி ஆகிவிடும். எடுக்காவிட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை, அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. 10–20 பிளைண்டில் பாட்-லிமிட் விதிப்படி, அதாவது தன் பங்கைக் கட்டிய பிறகு பாட்டில் இருக்கும் அளவுக்குத்தான் ஏற்றலாம் என்பதால், முதல் ரெய்ஸ் (ஏற்றம்) அதிகபட்சம் 70. பிக் பிளைண்ட் வைத்தவர் மட்டும் கால் செய்தால் (அதே தொகைக்கு ஈடு கட்டினால்) பாட் 150. அதற்குப் பிறகு ஃபிளாப் (நடுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு), டர்ன் (நாலாவது), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் முழுப் பாட் கட்டி, எதிராளியும் விடாமல் கால் செய்தால் 150, 450, 1,350 என்று ஏறும். முதலில் வைத்த 70-ஐயும் சேர்த்தால் ஆளுக்கு 2,020. அதாவது 100 பிக் பிளைண்டான 2,000 ரூபாய், இரண்டு பேர் மோதும் கைக்கு ரிவர் வரை அளந்து வைத்த மாதிரி வருகிறது.

ஆனால் வீட்டு மேசையில் இரண்டு பேர் மட்டும் ஃபிளாப் பார்ப்பது அபூர்வம். கையில் நாலு சீட்டு இருந்தால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று நல்லதாகத்தான் தெரியும். பிளைண்ட் இருவரையும் சேர்த்து நாலு பேர் 70 வைத்தால் பாட் 280. அதன்பின் இரண்டே பேர் தொடர்ந்தாலும் ஃபிளாப்பில் 280, டர்னில் 840 போய்விடும். 2,000-இல் மிச்சம் 810, பாட்டில் கிடப்பதோ 2,520. ரிவரில் முழுப் பாட் கட்ட யாரிடமும் காசு இல்லை. கையில் இரண்டே சீட்டு தரும் ஹோல்டெம்மில் தாராளமாக இருக்கும் அதே 2,000 இங்கே நடுத்தரம்தான்.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஏற்பாட்டையும் பார்க்கலாம். முதலாவது சின்ன வரம்பு: 400 முதல் 1,000 வரை, அதாவது 20 முதல் 50 பிளைண்ட். புதிதாக வருபவர்களைப் பயமுறுத்தாது என்பது இதற்குச் சொல்லும் காரணம். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு. ஒருவர் 70-க்கு ஏற்றுகிறார், இன்னொருவர் முழுப் பாட்டாக 240-க்கு ஏற்றுகிறார், முதல் ஆள் மறுபடி முழுப் பாட் போட்டால் 750. அவரிடம் இருந்ததே 800 என்றால் ஃபிளாப் வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்த மாதிரி. அதனால் 800-உடன் உட்கார்ந்தவர் இரண்டு ஏஸ் வரும்வரை மடித்துக்கொண்டே இருந்து, வந்ததும் கொட்டிவிடுகிறார். ஹோல்டெம்மில் ஏஸ் ஜோடி கிங் ஜோடியை நூற்றுக்கு எண்பது தடவைக்கு மேல் வெல்லும். ஒமாஹாவில் நாலு சீட்டும் ஓரளவு நன்றாகச் சேர்ந்த கைக்கு எதிரே அந்த ஏஸுக்கு அறுபது கிடைத்தாலே பெரிது. ஆக, ராத்திரி முழுக்கக் காத்திருந்து நாணயம் சுண்டுகிறோம்.

சின்ன வரம்பில் நஷ்டமும் சின்னது என்பதையும் நான் நம்புவதில்லை. 800 போனால் உடனே இன்னொரு 800. தொகை சின்னதாக இருப்பதாலேயே கை தயங்காமல் பைக்குள் போகும். ஐந்து தடவை போனால் 4,000. "இன்னும் ஒரே ஒரு தடவை அயித்தான்" என்கிற பேச்சை இந்த மேசையில்தான் அதிகம் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிர்முனை ஆழமான மேசை: 2,000 முதல் 5,000 வரை. ஆட்டத்தின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் ஜாக், பத்து, ஏழு, ஆறு இருந்து, ஃபிளாப்பில் ஒன்பதும் எட்டும், அவற்றோடு சேராத இன்னொரு சீட்டும் வந்தால், ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) இருபது சீட்டு வழி திறந்திருக்கிறது. வெறும் ஏஸ் ஜோடியோடு எதிரே நிற்பவரைவிட இவர்தான் முன்னால். ஏஸ் வைத்திருப்பவருக்கு அது தெரியும். டர்னில் நிறுத்துவதா, தொடர்வதா என்று யோசிப்பார். பின்னால் இன்னும் 3,000, 4,000 இருந்தால்தான் அந்த யோசனைக்கு மதிப்பு. இரண்டாவது பெரிய ஃபிளஷை (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) மடிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரிவதும் அப்போதுதான்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. கையிலிருந்து இரண்டு, போர்டிலிருந்து (நடுவில் விரித்த ஐந்து சீட்டிலிருந்து) மூன்று என்ற விதி, ஹோல்டெம் பழகியவருக்கு மனசில் படியக் கொஞ்ச நாள் ஆகும். போர்டில் நாலு ஹார்ட்டீன் கிடக்கும், இவர் கையில் ஹார்ட்டீன் ஏஸ் மட்டும் இருக்கும், ஃபிளஷ் என்று நினைத்து எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். திருப்பிக் காட்டும்போது ஒன்றுமே இல்லை. அந்தப் பாடத்துக்கு 1,000 ரூபாய் சரி. 5,000 என்றால் அடுத்த விசேஷத்துக்கு அவர் பட்டாலைப் பக்கமே வரமாட்டார், அவர் வீட்டு ஆச்சி நம்மை விசாரிப்பார்கள்.

'பெரிய ஸ்டாக்குக்குச் சமம்' என்ற ஏற்பாட்டைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மேசையில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அந்த அளவு வரை யாரும் வாங்கலாம். தோற்றவருக்கு நியாயம் போலத் தெரியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரிடம் 9,000 சேர்ந்திருந்தால், 10–20 மேசையில் தோற்றவர் ஒரே மூச்சில் 9,000 வைக்கலாம் என்று ஆகிறது. பிளைண்ட் மட்டும் பழையது, ஆட்டம் வேறு. அதிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால் இந்த விதியை யாரும் ஆதரிக்கமாட்டார்கள். பெரிய ஸ்டாக்கில் பாதி என்று வைத்தால் கொஞ்சம் தேவலை. வரம்பே வேண்டாம் என்பவர்கள் எல்லாரும் சமமான வசதி உள்ளவர்களாக இருந்தால் ஆடிக்கொள்ளட்டும்.

மிச்சம் இருப்பது நடுவழி: குறைந்தது 1,000, அதிகம் 2,000. கலவையான மேசைக்கு நான் இதைத்தான் சொல்வேன், இரண்டு திருத்தங்களோடு. முதல் இரண்டு மணி நேரத்துக்கு 2,000 தான் உச்சம். அதன்பின் பெரிய ஸ்டாக்கில் பாதி வரை வாங்கலாம், எப்படியானாலும் 4,000-ஐத் தாண்டக் கூடாது. அடுத்தது, ஒருவர் அந்த ராத்திரி மொத்தமாகப் போடும் தொகைக்கு ஒரு எல்லை, உதாரணமாக 6,000. நிறையப் பேர் பை-இன் உச்சத்தைப் பற்றியே பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூர்ப் பங்காளி 2,000-தான் வைக்க முடியும் என்றாலும் பத்து தடவை வைத்தால், செக்காலை ரோட்டு அண்ணனும் ரோஷத்தில் வைக்கத்தான் செய்வார்.

குறைந்தபட்சத்தை 1,000-க்குக் கீழே இறக்காதீர்கள். உச்சம் கொஞ்சம் கூடினாலும் மேசை தாங்கும். இரண்டு பேர் மோதும்போது எல்லை, யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர் தொகைதான். 5,000 வைத்திருப்பவர் 1,000 வைத்திருப்பவரிடம் 1,000-க்கு மேல் வாங்க முடியாது. ஆனால் அடிமட்டம் இறங்கினால் 800-காரர்கள் மூன்று பேர் சேர்ந்து மொத்த மேசையையும் ஏஸுக்குக் காத்திருக்கும் இடமாக மாற்றிவிடுவார்கள்.

ஸ்ட்ராடில் (சீட்டு பார்க்கும் முன்பே ஒருவர் விரும்பி வைக்கும் இரட்டை பிளைண்ட்) உண்டா இல்லையா என்பதையும் பை-இன்னோடு சேர்த்தே முடிவு பண்ண வேண்டும். ஒவ்வொரு கைக்கும் யாராவது 40 ஸ்ட்ராடில் போட்டால் முதல் ரெய்ஸே 150 வரை போகும். 100 பிளைண்ட் என்று நினைத்து வைத்த 2,000 உண்மையில் 50 ஆகிவிட்டது. ஸ்ட்ராடில் பழக்கமான மேசை என்றால் உச்சத்தை இரட்டிப்பாக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ராடிலை நிறுத்துங்கள். நான் நிறுத்துவேன்.

ஜெயித்ததில் பாதியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மிச்சத்தோடு ஆடுவது எந்த ஏற்பாட்டிலும் கூடாது. கிளம்பினால் முழுதாகக் கிளம்ப வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் கொண்டுபோன தொகையோடுதான் உட்கார வேண்டும். கைமாற்றும் வேண்டாம். சிப்ஸ் கொடுப்பதும் பணம் வாங்குவதும் ஒரே ஆள் கையில், ஒரே நோட்டில் இருக்கட்டும். கடைசியில் ஐந்தொகை நேராகாவிட்டால் இந்த ஊரில் யாரும் தூங்கப் போகமாட்டார்கள்.

நடு ராத்திரியில் யாராவது ஐந்து சீட்டு ஒமாஹா கேட்பார்கள். ஒன்பது பேர் இருந்தால் முடியாது: நாற்பத்தைந்து சீட்டு கைக்கு, ஐந்து போர்டுக்கு, எரிக்கும் (போர்டில் விரிக்கும் முன் ஒதுக்கி வைக்கும்) மூன்று, மொத்தம் ஐம்பத்து மூன்று. எட்டு பேர் என்றால் ஆடலாம். கைகள் இன்னும் நெருக்கமாக வரும், ஃபிளாப்பில் மடிப்பவர்கள் இன்னும் குறைவார்கள். அப்போது குறைந்தபட்சத்தை 1,000-இலிருந்து 1,500-ஆக ஏற்றிவிட்டு, அதற்குக் கீழே இருப்பவர்களை டாப்-அப் செய்யச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.