பாஸ்தா நீரில் உப்பு: ஆலிவ் கார்டனை ஆளும் இயக்குநர் குழு பற்றிய மதிப்புரை

இத்தாலிய பாணி உணவு வழங்கும் அமெரிக்காவின் ஆலிவ் கார்டன் உணவகங்களை மதிப்பிடுவதானால், சமையலறைக்கு முன்பாக அவற்றின் உரிமையாளரான டார்டன் நிறுவனத்தின் இயக்குநர் குழுவைத்தான் மதிப்பிட வேண்டும் என்று கருதுகிறேன். 2014 செப்டம்பரில், அதன் பங்குதாரரான ஸ்டார்போர்டு என்னும் முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய 300 பக்கங்களில் ஒரு விமர்சன அறிக்கையை வெளியிட்டது. பாஸ்தா வேகும் நீரில் உப்பே சேர்ப்பதில்லை என்றும், பாத்திரங்களுக்குக் கூடுதல் காலம் உத்தரவாதம் பெறுவதற்காகவே அவ்வாறு செய்யப்படுகிறது என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. பண்டம் கெட்டாலும் பாத்திரம் பிழைத்தால் போதும் என்ற கணக்கு! மேசைகளில் அளவுக்கு மீறி ரொட்டிகள் வைக்கப்படுவதையும், ஏழே நிமிடங்களில் அவற்றின் தரம் குறைந்துவிடுவதையும்கூட அந்த அறிக்கை விட்டுவைக்கவில்லை.

செலவுக் குறைப்பையே சாதனையாக எண்ணும் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவோ, டார்டனின் மற்றோர் உணவகத் தொடரான ரெட் லாப்ஸ்டரை விற்பது பற்றிப் பேசப் பங்குதாரர்கள் சிறப்புக் கூட்டம் கோரியிருந்த நிலையிலும், அதை 210 கோடி டாலருக்கு விற்றது. இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்க அக்டோபரில் பங்குதாரர்கள் நடத்திய வாக்கெடுப்பில் ஸ்டார்போர்டு முன்மொழிந்த 12 பேரும் வென்றனர். பழைய இயக்குநர்களில் ஒருவர்கூட எஞ்சவில்லை.

புதிய குழுவுக்கு உயர்ந்த மதிப்பெண் தருவேன். முழு மதிப்பெண் அல்ல. ஸ்டார்போர்டின் ஜெஃப்ரி ஸ்மித் குழுவின் தலைவரானபோதும், நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு, உணவகத் தொழிலை உள்ளிருந்தே அறிந்த ஜீன் லீயிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தத் தேர்வே அக்குழுவின் மிகச் சிறந்த முடிவு என்பேன். துணிவு என்பது புதியதில் குதிப்பது மட்டுமன்று என்பதையும் பின்வந்த ஆண்டுகள் காட்டின: மற்ற உணவகங்கள் விநியோகச் செயலிகளை நாடி ஓடியபோது ஒதுங்கியே நின்ற நிறுவனம், 2024இல்தான் ஊபருடன் ஒப்பந்தம் செய்தது; அதிலும் ஆர்டர்கள் தன் சொந்தத் தளத்தின் வழியே வருமாறு பார்த்துக்கொண்டது.

குறை நிலத்தில் இருக்கிறது. 2015இல் 400க்கும் மேற்பட்ட உணவக இடங்கள் ஃபோர் கார்னர்ஸ் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன; கடன் குறைந்தது, ஆனால் சொந்த இடத்தில் நடந்த உணவகங்கள் வாடகைதாரர்களாயின. டார்டனின் வருவாய் இந்தச் சுமையைத் தாங்குகிறது. விற்கப்பட்ட பின் தன் நிலங்களையும் இழந்த ரெட் லாப்ஸ்டரால் தாங்க முடியவில்லை; 2024 மே மாதம் திவால் பாதுகாப்புக் கோரியபோது அது சொன்ன காரணங்களுள் வாடகையும் ஒன்று.