அப்டேட் ஏறாத சர்வர்: ஃபோல்டரை மாற்றுவதா, டிஸ்ம் ஓட்டுவதா?

கிருஷ்ணகிரியில் ஜூன் மாதம் மாங்கூழ் ஆலைகளுக்கு ராப்பகல் கிடையாது. போன சீசனில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆலையில் எடைமேடை, பில், டேலி எல்லாம் ஓடும் விண்டோஸ் சர்வர் 2019-ல் மாதாந்திர அப்டேட் பாதியில் தோற்று, தானே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. வாசலில் பெங்களூரா மாம்பழ லோடோடு லாரிகள். சர்வர்தான் எழுந்துவிட்டதே, முதலில் எடை போடுங்கள் என்றேன். நோண்டுவதெல்லாம் ராத்திரிக்கு.

பலரும் முதலில் செய்வது, அப்டேட் சர்வீஸையும், பின்னணியில் ஃபைல் இறக்கும் பிட்ஸ் சர்வீஸையும் நிறுத்திவிட்டு, இறங்கிய அப்டேட்கள் தங்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றுவது. ஐந்து நிமிட வேலை, ஆபத்தும் குறைவு. ஆனால் அந்த ஃபோல்டரில் இருப்பது கெட்டிருந்தால் மட்டுமே இது உதவும். பிழை எண் 80073712 என்று முடிந்தால் விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களைச் சேர்த்து வைத்திருக்கும் உள்கிடங்கே (காம்போனென்ட் ஸ்டோர்) பழுது, அப்போது ஃபோல்டரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து அப்டேட் ஃபைலை நாமே இறக்கிப் போடுவது இணையம் மோசமான இடத்துக்கு நல்ல வழி. 2016 சர்வர் என்றால் அப்டேட் போடும் பகுதிக்கே வரும் சர்வீஸிங் ஸ்டாக் அப்டேட்டை முதலில் போட வேண்டும். உள்கிடங்கு கெட்டிருந்தால் இதுவும் அதே இடத்தில்தான் விழும்.

என் ஓட்டு டிஸ்முக்கு (DISM), அதாவது உள்கிடங்கைப் பழுதுபார்க்கும் விண்டோஸின் சொந்தக் கட்டளைக்கு. அதில் ரெஸ்டோர்ஹெல்த் என்ற பழுதுபார்க்கும் ஆப்ஷனைக் கொடுத்தால் 62.3 சதவீதத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்கும், செத்துவிட்டது என்று பயந்து பலர் மூடிவிடுகிறார்கள், தயவுசெய்து மூடாதீர்கள். அது நல்ல ஃபைல்களை அப்டேட் சர்வீஸிடமிருந்தே கேட்கும், அந்த வழியே அடைபட்டிருந்தால் 'மூலம் கிடைக்கவில்லை' என்று நிற்கும். அப்போது அதே பதிப்பு விண்டோஸின் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்கின் ஃபைல் வடிவம்) மாட்டி, உள்ளே இருக்கும் இன்ஸ்டால் விம் (install.wim) ஃபைலை மூலமாகக் காட்ட வேண்டும். அது முடிந்தபின்தான் கெட்ட சிஸ்டம் ஃபைல்களை மாற்றும் எஸ்எஃப்சி (SFC) கட்டளை, ஏனென்றால் எஸ்எஃப்சி சரக்கு எடுப்பதே அந்த உள்கிடங்கிலிருந்துதான்.

சர்வரை விர்ச்சுவல் மெஷினாக வைத்திருப்பவர்கள் ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு பதிந்து வைத்த நிலைக்கு, திரும்புவார்கள். வேகம்தான், ஆனால் அதற்குப் பிறகு போட்ட எடைச்சீட்டும் பில்லும் அதோடு போய்விடும். சீசனில் விவசாயியின் எடைச்சீட்டு தொலைந்தால் யார் பதில் சொல்வது? அதனால் டேலி டேட்டாவைத் தனி டிஸ்கில் காப்பி எடுக்காமல் நான் ஸ்னாப்ஷாட் பக்கம் போகவே மாட்டேன்.

அந்த ஆலையில் ராத்திரி கடைசி லாரி போனபின் ஐஎஸ்ஓவோடு டிஸ்ம் ஓட்டினேன். விடியும் முன் அப்டேட் ஏறிவிட்டது.