ஓ பேராக ஜெர்மனி செல்ல உதவிய கோவை நிறுவனம்: ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இப்பால் உள்ள கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர். வீட்டில் பேசுவதும் பள்ளியில் படித்ததும் தமிழ். முகவரி மட்டும் கேரளம். எந்தக் காரியத்துக்கும் கோவைக்கே பஸ் ஏறிப் பழகியவர்கள் என்பதால், ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி கற்கும் ஓ பேர் ஏற்பாட்டில் செல்ல முடிவெடுத்தபோதும், கோவையில் உள்ள ஒரு நிறுவனத்தில்தான் சேர்ந்தேன். மொழி வகுப்பு, குடும்பம் தேடித் தருவது, விசா உதவி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் வாங்கினார்கள். இங்கே ஜெர்மனிக்கு வந்து இது ஐந்தாவது மாதம்.

வகுப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால் என்று ஜெர்மன் மொழி செய்யும் கூத்தை, ஆசிரியை மூன்றையும் மேசைமேல் வைத்துக் கையில் எடுத்துக் கொடுத்தே பழக்கினார். விசாவுக்குத் தேவையான ஏ1 என்னும் தொடக்கநிலை மொழித் தேர்வில் முதல் முறையிலேயே தேறினேன். ஆனாலும், காலை ஆறரை மணிக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி, ஆப்பிளைத் தோல் சீவாமல் நறுக்கி டப்பாவில் அடுக்கியபடி "டெர் டோஸே" என்று நான் சொன்னால், நான்கு வயதுப் பையன் வாய் நிறைய ரொட்டியோடு "டி டோஸே" என்று திருத்துகிறான்; "டெர்" ஆண்பாலுக்கு உரியது, டப்பாவோ பெண்பால். அது வகுப்பின் குற்றமாகாது.

விசா உதவி என்ற பெயரில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கும், கேரளத்து விண்ணப்பங்கள் பெங்களூருக்கும் உரியவை. எல்லையோர ஊர்க்காரர்களை நாள்தோறும் பார்க்கும் அலுவலகத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? "நீங்க தமிழ் தானுங்களே, சென்னையிலயே போட்டுக்கலாமுங்க" என்று சொல்லி, கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள முகவரியைப் பார்க்காமலேயே தாள்களைத் தயார் செய்தார்கள். சென்னை வரை போய்த் திரும்பி, எல்லாவற்றையும் பெங்களூருக்கு மாற்றி, மீண்டும் நேரம் கிடைப்பதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அப்போது 26 வயதும் எட்டு மாதமும். அந்த நாட்களில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இன்னொன்று, அவர்கள் பயன்படுத்திய சொற்கள். அப்பாவிடம் இதை "வேலை" என்றும் "சம்பளம்" என்றும்தான் சொன்னார்கள். அவரும் அதை நம்பிக் கடன் தவணைக்குக் கணக்குப் போட்டுவிட்டார். உண்மையில் மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம் மட்டுமே கிடைக்கும். அதிகபட்சம் ஓராண்டுதான் இருக்கலாம். தங்கும் அறை, சாப்பாடு, காப்பீடு ஆகியவை குடும்பத்தின் பொறுப்பு. மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோவும் அவர்கள் தர வேண்டும். பதிலுக்கு நாம் நாளுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மிகாமல் குழந்தைகளையும் சிறு வீட்டு வேலைகளையும் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. இந்தக் கணக்கு எனக்குக் குறையாகப் படவில்லை. ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று எண்ணி வருபவருக்கு இது பொருந்தாது என்பதை, கட்டணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

குடும்பத்தை நன்றாகத்தான் தேடித் தந்தார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் பூட்டியிருக்கும் என்று தெரியாமல் முதல் வாரம் நான் பை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, அந்த அம்மாள் சிரிக்காமல் தன் அலமாரியிலிருந்தே அரிசியை எடுத்துக் கொடுத்தார்.

ஜெர்மனியில் உள்ள முகவர்கள் ஓ பேராக வருபவரிடம் 150 யூரோவுக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி என்று இங்கே வந்த பிறகே அறிந்தேன். ஆகவே மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டாமல், இந்த நிறுவனத்தில் மொழி வகுப்புக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டிச் சேரலாம். கேட்டால் அப்படியும் சேர்த்துக்கொள்கிறார்கள். என் சென்னைப் பயணச் செலவைத் திருப்பித் தருவதாகச் சொல்லி மூன்று முறை வங்கிக் கணக்கு எண்ணை வாங்கிக்கொண்டார்கள். பணம் இன்னும் வரவில்லை.