மெஷின் வேலைக்கு முழு மதிப்பெண், கேஸ் வேலைக்குப் பூஜ்யம்

சர்வீஸுக்குக் கொடுத்தது என் ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல் வாட்ச், 3570.50 மாடல். உள்ளே ஓடுவது சாவி கொடுக்கிற 1861 மெஷின். நேரம் பின்தங்க ஆரம்பித்திருந்தது. ரீசெட் பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் முள் 12-க்குச் சற்றுத் தள்ளி நின்றது. சென்னையில் பல பிராண்டுகளையும் பார்க்கிற ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், பெயர் வேண்டாம்.

மெஷின் வேலையில் குறையே இல்லை. முழுக்கப் பிரித்து, கழுவி, ஆயில் விட்டிருக்கிறார்கள். முள் இப்போது சரியாக 12-இல் வந்து நிற்கிறது. தண்ணீர் புகாமல் தடுக்கிற கேஸ்கெட்டுகள் புதிது. கீறல் விழுந்த ஹெசலைட் (ஒரு வகை பிளாஸ்டிக்) கண்ணாடியையும் மாற்றியிருக்கிறார்கள். அசல் கண்ணாடியின் நடுவில் இருக்கும் பொடி ஓமேகா குறி இதில் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன், இருக்கிறது. அசல்தான்.

அப்புறம் கேஸை, அதாவது மெஷினைச் சுற்றியிருக்கிற ஸ்டீல் கூட்டைப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

இந்த வாட்ச்சின் அழகே அதன் லக்கில்தான், அதாவது ஸ்ட்ராப் மாட்டுகிற கொம்புகளில்தான் இருக்கிறது. பக்கவாட்டு முழுக்க மெல்லிய கோடுகளோடு மங்கலாக இருக்கும். அதன் மேலே பளபளப்பான ஒரு பட்டை முறுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் கூர்மையாக ஒரு விளிம்பு. அப்போலோ 11-இல் போன ஆல்ட்ரின் சந்திரனில் கட்டியிருந்த பழைய 105.012 மாடலிலிருந்து வருகிற வடிவம் இது. என் வாட்ச்சில் அந்த விளிம்பு இப்போது பாதி தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிட்டது. பட்டை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒல்லி.

"பாலிஷ் வேண்டாம்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்தும் பார்த்திருந்தேன். மேனேஜரிடம் காட்டினேன். "சர்வீஸோட பாலிஷ் ஃப்ரீ சார், எல்லாருக்கும் பண்றதுதான்" என்றார். மெஷினைக் கழற்றியதும் வெறும் கேஸ் தனியாக பாலிஷ் டேபிளுக்குப் போய்விடுகிறதாம். ஜாப் கார்டு மெக்கானிக்கிடமே இருந்துவிடுகிறது. இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் யார் வாட்ச்சுக்கும் இது நடக்கும்.

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது இல்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள ஸ்டீலை எடுத்துவிடுவது. சுழல்கிற துணிச் சக்கரம் மெத்தென்று இருப்பதால் விளிம்பில் மடிந்து இறங்கும், அங்கேதான் முதலில் தேயும். தட்டையான, கெட்டியான தட்டில் சரியான கோணத்தில் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு நிற்கும். அதற்குத் தனி மெஷினும் பழகிய கையும் வேண்டும். பழைய தங்க முலாம் வாட்ச் என்றால் இன்னும் மோசம், துணிச் சக்கரத்தில் முலாமே போய் அடியில் இருக்கிற உலோகம் தெரிய ஆரம்பிக்கும்.

போன ஸ்டீல் தானாக வராது. லேசர் வெல்டிங்கில் உலோகம் சேர்த்து லக்கைத் திரும்ப வடிவமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் செலவு பெரிது. பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதும் லக்கின் பருமனைத்தான். கீறலோடு இருக்கிற கேஸுக்குக் கிடைக்கிற விலை, இப்படி மழுங்கிய கேஸுக்குக் கிடைக்காது.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார், அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த மெக்கானிக்கின் கைக்காகப் போவதென்றால் போகலாம், அவர் நிஜமாகவே கெட்டிக்காரர். கொடுக்கும் முன் நான்கு லக்குகளையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து, அதே போட்டோவை அவர்கள் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். கேஸ் போகிற டப்பாவின் மேலேயே "பாலிஷ் வேண்டாம்" என்று உங்கள் கண் முன்னால் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.