"70 சதவீதம் முடிந்துவிட்டது" என்று சொன்ன எடிட்டரால் நான் பட்ட பாடு

திருமண வீடியோ எடுக்கும் தொழிலில் இருப்பவர்கள், எடிட்டிங்கை வெளியாளிடம் ஒப்படைக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். ஒரே மாதத்தில் நான்கு திருமணங்கள் அடுத்தடுத்து அமைந்ததால், அவற்றில் ஒன்றை, வேலை கேட்டுத் தானாகவே என்னை அணுகிய ஒருவரிடம் கொடுத்தேன். முழு நீளப் படத்தையும் 5 நிமிடச் சுருக்கப் படத்தையும் பத்தே நாளில் தருவதாகச் சொல்லி, கூலியில் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

கணக்குப் போட்டிருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். மூன்று கேமராக்களிலும் சேர்த்து 18 மணி நேரப் பதிவு இருந்தது. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் காட்சி மணிக்கு 45 ஜிபி பிடிக்கும் என்பதால், மொத்தம் 810 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்கிலிருந்து அதை நகலெடுக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து வேண்டியதைப் பொறுக்கி எடுப்பதற்கே இரண்டு முழு வேலை நாட்கள் போதாது. சிங்க் (காட்சியையும் ஒலியையும் பொருத்துவது), வெட்டு, கலர், ஒலி எல்லாம் அதற்குப் பிறகுதான். வேறு மூன்று பேரின் வேலையும் தன் கையில் இருப்பதாக அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான் தலையாட்டினேன்.

எட்டாவது நாள் விசாரித்தபோது, 70 சதவீதம் முடிந்துவிட்டதென்று எழுதி, டைம்லைனின் (எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் அனுப்பினார். அதை நம்பி மணமக்களுக்கும் தேதி சொல்லிவிட்டேன். இருபதாவது நாள் அதே ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், கிளிப்புகளின் பெயரில் இருந்த எண்வரிசை என் கேமராக்களுடையதே அல்ல என்பது தெரிந்தது. அது வேறு யாருடைய திருமணமோ!

ஒருவழியாக 34-வது நாள் படம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் பதிவான சடங்குப் பகுதியில், தொடக்கத்தில் உதடும் ஒலியும் பொருந்தியே இருந்தன. கடைசியில் மணமகள் நன்றி சொல்லி வாயை மூடிய பிறகும் அவர் குரல் கேட்டது. ஒலியைப் பதியும் தனி ரெக்கார்டரும் கேமராவும் அவையவற்றின் கடிகாரத்தில் ஓடுவதால், நேரம் போகப் போக ஒலி சில பிரேம்கள் விலகும் என்பதும், இடையிடையே வெட்டிப் பொருத்த வேண்டும் என்பதும் இத்தொழிலில் அரிச்சுவடி. நானே திருத்திக்கொள்கிறேன், புராஜெக்ட் ஃபைலை (எடிட்டிங்கைத் திறந்து திருத்த உதவும் கோப்பு) மட்டும் தாருங்கள் என்று கேட்டதற்கு, அதற்குத் தனிக் கட்டணம் என்றார். பேசும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதி வாங்காதது என் தவறுதான்.

மூலப் பதிவுகள் என்னிடம் இரண்டு பிரதிகளாக இருந்ததால், முதலிலிருந்து தொடங்கி 11 இரவுகளில் நானே முடித்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் வெளியில் கொடுத்தால் முன்பணம் சிறிதளவே. நான்காவது நாளுக்குள் சிங்க் முடிந்த டைம்லைனைப் புராஜெக்ட் ஃபைலாகவே வாங்கி, என் கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. சதவீதக் கணக்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நான் ஏற்பதில்லை. வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்ன அந்த எடிட்டரின் செல்போன் இரண்டு வாரங்களாக அணைத்தே கிடக்கிறது.